சமுத்திரம் ஏரியும் அதைச் சுத்தி வந்த குடில்களும்

திருவண்ணாமலைன்னு சொன்னா உங்களுக்கு மலை ஞாபகம் வரும். ராஜகோபுரம் வரும், கார்த்திகை தீபம் வரும், பௌர்ணமி கிரிவலம் வரும். ரமணாசிரமத்து மயில்கூட சிலருக்கு ஞாபகம் வரும். ஏரி மட்டும் வராது. ஆனா இந்தப் பக்கத்துக் குடியானவனைக் கேட்டீங்கன்னா, இது ஏரியை நம்பிப் பொழைச்ச ஊருன்னுதான் சொல்லுவான். சென்னையிலேருந்தும் பெங்களூருலேருந்தும் வர்ற நண்பர்கள் பல பேர் செங்கம் ரோட்டுலயே ரூம் எடுத்துத் தங்குறாங்க. அங்கேருந்து தெற்கே கொஞ்ச தூரத்துல சமுத்திரம் ஏரி இருக்குன்னு அவங்களுக்குத் தெரியறதில்ல. அதனால இந்த வாரம் அந்த ஏரியைப் பத்தியும், அந்தப் பக்கத்துல குடில் குடிலா ஒரு ஊரே எழும்பின கதையைப் பத்தியும் எழுதலாம்னு உட்கார்ந்தேன்.

முதல்ல நிலத்தோட அமைப்பு. அண்ணாமலை கிட்டத்தட்ட 2,668 அடி உயரம். சுத்திலும் சமவெளி, நடுவுல தனியா நிக்கிற மலை. மழை பெஞ்சா தண்ணி நாலு பக்கமும் இறங்கும். பாறை மலைங்கிறதால உள்ளே ஊறுறது கம்மி, ஓடுறது ஜாஸ்தி. ஒரு நல்ல மழைக்கு ஒரு மணி நேரத்துல ஓடையெல்லாம் ரொம்பிடும், மறுநாள் காலையில வெறும் மணல்தான் கிடக்கும். அந்த ஒரு மணி நேரத் தண்ணியைப் பிடிச்சு வெச்சா ஒரு போகம் நெல்லு. விட்டா ஒண்ணுமில்ல. இதைப் புரிஞ்சுக்கிட்ட நம்ம முன்னோர்கள், தண்ணி இறங்குற திசையில குறுக்கே மண்கரை போட்டாங்க. அதுதான் ஏரி. மலைக்குத் தெற்கே சமுத்திரம் ஏரி, வடக்கே வேலூர் ரோட்டுப் பக்கம் வேங்கிக்கால் ஏரி, இன்னும் கிராமத்துக்குக் கிராமம் சின்னதும் பெருசுமா எத்தனையோ.

ஏரின்னா வெறும் பள்ளம் கிடையாது. அதுக்கு உறுப்புங்க உண்டு. தண்ணி உள்ளே வர்றதுக்கு வரத்துக் கால்வாய். பாசனத்துக்குத் திறந்து விட மதகு. நிறைஞ்சதும் மிச்சத் தண்ணி கரையை உடைக்காம வெளியேற கலங்கல். கலங்கல் வழியா தண்ணி வழிஞ்சா எங்க பக்கத்துல "ஏரி கோடி போவுது"ன்னு சொல்லுவோம். கோடி போன தண்ணி வீணாப் போறதில்ல, அடுத்த ஊர் ஏரிக்கு அதுதான் வரத்து. சங்கிலி மாதிரி ஒண்ணோட ஒண்ணு கோத்து வெச்சிருக்காங்க. தமிழ்நாடு முழுக்க சுமார் 39,000 ஏரி, கண்மாய் இருக்குன்னு கணக்கு சொல்றாங்க. இதையெல்லாம் பார்த்துக்க ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே உத்திரமேரூர்ல ஏரி வாரியம்னு தனியா ஒரு குழுவே இருந்திருக்கு. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அதைச் சொல்லுது.

சமுத்திரம்னு ஏரிக்குப் பேர் வெச்சது ஏன்னு கேப்பீங்க. பெரிய ஏரியைச் சமுத்திரம்னு சொல்றது பழைய வழக்கம். கர்நாடகாவுலயும் உண்டு. அதுல ஒரு அதிசயமான பொருத்தம் இருக்கு. ஹொய்சள ராஜாக்களோட தலைநகர் தோரசமுத்திரம், இன்னைக்கு ஹளேபீடுன்னு சொல்றாங்களே, அது. அதுவும் பெரிய ஏரியோட சேர்ந்த ஊர்தான், பேர்லயே சமுத்திரம் இருக்கு. 1311-ல மாலிக் காபூர் படையோட அங்கே வந்தான். அதுக்கப்புறம் வந்த படையெடுப்புலயும் அந்த ஊர் நொறுங்கிப் போச்சு. ராஜா மூணாம் வீர வல்லாளன் தெற்கே நகர்ந்து திருவண்ணாமலையைத் தன் தலைநகரா வெச்சுக்கிட்டார். ஏரியூர்லேருந்து வந்த ராஜா இன்னொரு ஏரியூருக்கே வந்து சேர்ந்தார். 1342-ல மதுரை சுல்தானோட நடந்த சண்டையில அவர் செத்துப் போனார்.

கோயில்ல வல்லாள கோபுரம் இன்னைக்கும் அவர் பேரைச் சொல்லுது. அதைவிடப் பெருசு ஒண்ணு இருக்கு. வல்லாள மகாராஜாவுக்குப் பிள்ளை இல்லை, அண்ணாமலையாரே பிள்ளையா வந்தார்னு ஐதீகம். அதனால வருஷா வருஷம் மாசி மகத்தன்னைக்கு அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டு கௌதம நதிக்குப் போய் மகாராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். சாமி மனுஷனுக்குத் திதி கொடுக்கிற ஊர் எங்க ஊர். கன்னட தேசத்து ராஜாவை எங்க ஜனங்க இவ்ளோ சொந்தமா ஏத்துக்கிட்டதை நினைச்சா எனக்கு எப்பவும் ஆச்சரியம்தான். வெளியூர்க்காரங்க வந்து தங்குறது இங்கே புதுசு இல்லைன்னு சொல்றதுக்காகத்தான் இதை இவ்ளோ நீட்டினேன்.

பின்னாடி விஜயநகர கிருஷ்ணதேவராயர் காலத்துல ஆயிரங்கால் மண்டபமும் சிவகங்கைத் தீர்த்தமும் வந்துச்சு. 217 அடி ராஜகோபுரத்தை அவர் ஆரம்பிச்சார், தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர் முடிச்சார். கோபுரம் எழும்புன அதே காலத்துலயும் ஊர் ஜனங்க வருஷா வருஷம் ஏரியில மண்ணு வெட்டிக் கரையில போட்டுக்கிட்டுதான் இருந்தாங்க. அதுக்குப் பேரு குடிமராமத்து. வெள்ளைக்காரன் வந்து வரி, கணக்கு, இலாகான்னு ஆனதும் இந்தப் பழக்கம் தேய ஆரம்பிச்சுது. 1858-ல சென்னை மாகாணத்துல குடிமராமத்து வேலைக்கு ஆளுங்க கட்டாயமா வரணும்னு ஒரு சட்டமே போட்டாங்க. தானா நடந்த வேலைக்குச் சட்டம் தேவைப்பட்டுச்சுன்னா, அது தானா நடக்கிறது நின்னு போச்சுன்னுதானே அர்த்தம்.

இனிமே குடில்களோட கதைக்கு வர்றேன்.

1896 செப்டம்பர் 1-ம் தேதி, மதுரையிலேருந்து கிளம்பின பதினாறு வயசுப் பையன் ஒருத்தர் திருக்கோவிலூர்ல ரயில் ஏறித் திருவண்ணாமலையில வந்து இறங்கினார். பேரு வெங்கட்ராமன். பின்னாடி ரமண மகரிஷின்னு உலகத்துக்கே தெரிஞ்சவர். கோயில்ல கொஞ்ச நாள், குருமூர்த்தத்துல கொஞ்ச நாள், அப்புறம் மலைமேல விரூபாட்ச குகை, ஸ்கந்தாசிரமம்னு இருந்தார். நடுவுல ஊர்ல பிளேக் வந்தப்போ ஜனங்க ஊரைக் காலி பண்ணிட்டாங்க, அவரும் கொஞ்ச மாசம் பச்சையம்மன் கோயில்ல தங்கினார். 1922-ல அவரோட அம்மா காலமாகி, மலையடிவாரத்துல தெற்குப் பக்கம் சமாதி வெச்சாங்க. அதே வருஷம் அவரும் கீழே இறங்கி வந்து அங்கேயே தங்கிட்டார். ஒரு கூரைக் கொட்டகையில ஆரம்பிச்சதுதான் ஆசிரமம்.

ஆசிரமத்தை ஒட்டி மேற்கே பலாக்கொத்துன்னு ஒரு தோப்பு. நடுவுல பாலி தீர்த்தம்னு ஒரு குளம். அந்தத் தோப்புலதான் முதல் குடில்கள் வந்துச்சு. ஆசிரமத்துல சாப்பாடு, தரிசனம் எல்லாம் உண்டு, ஆனா எல்லாருக்கும் தங்க இடம் பத்தாது. தனியா இருந்து தியானம் பண்ணணும்னு நினைச்சவங்களும் உண்டு. குஞ்சு சுவாமி, முருகனார், விசுவநாத சுவாமி இவங்கெல்லாம் பலாக்கொத்துல இருந்தவங்கதான். ஆசிரமக் கட்டட வேலையைப் பத்து வருஷம் நின்னு பார்த்த அண்ணாமலை சுவாமி 1938-ல இங்கே குடி வந்து, 1995-ல கண் மூடுற வரைக்கும் இருந்தார். மண்சுவர், கீத்துக் கூரை, பாய், ஒரு மண்பானை, அவ்ளோதான் குடில். மகரிஷி மத்தியானம் சாப்பிட்டுட்டு பலாக்கொத்துப் பக்கம் உலாத்திட்டு வருவார். போற வழியில யார் குடிசையில என்ன வேலை நடக்குதுன்னு பார்த்துட்டுப் போவாராம்.

இன்னொரு காரணமும் இருந்துச்சு. ராத்திரியில பொம்பளைங்க ஆசிரமத்துக்குள்ள தங்கக் கூடாதுன்னு ஒரு விதி. அப்போ பக்தியா வந்த பொம்பளைங்க எங்கே போவாங்க? ஆசிரமத்துக்கு வெளியே வீடு பார்த்தாங்க. 1941-ல வந்த சூரி நாகம்மா அப்படித்தான் வெளியே தங்கினாங்க. 1945-லேருந்து 1950 வரைக்கும் தன் அண்ணனுக்குத் தெலுங்குல அவங்க எழுதின கடிதங்கள்தான் அந்தக் காலத்து ஆசிரம வாழ்க்கையை இன்னைக்கும் நமக்குக் காட்டுது. இப்படி வெளியே வந்த வீடுங்க சேர்ந்து சேர்ந்துதான் இன்னைக்கு நீங்க ரமண நகர்னு சொல்ற பகுதி உருவாச்சு. ஒரு விதியே ஒரு தெருவை உண்டாக்கும்னு இதைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்.

வெள்ளைக்காரங்க வந்தது 1930-கள்ல. பால் பிரண்டன் 1931-ல வந்தார், 1934-ல வந்த அவர் புஸ்தகம் மேல்நாடு முழுக்க இந்த ஊர் பேரைக் கொண்டு போச்சு. ராணுவத்துலேருந்து ஓய்வு பெற்ற மேஜர் சாட்விக் 1935 நவம்பர்ல வந்து ஆசிரமத்துக்குள்ளேயே ஒரு அறை கட்டிக்கிட்டார். 1962-ல சாகுற வரைக்கும் இங்கேயேதான். ஈராக்ல பொறந்த யூதர் எஸ்.எஸ். கோஹன் 1936-ல வந்து பலாக்கொத்துல மண்வீடு கட்டினார். சுவிட்சர்லாந்துக்காரம்மா எல்லா மெய்லார், ஊர் ஊரா சுத்துன எழுத்தாளர், ரெண்டாம் உலகப் போர் நடந்த வருஷங்கள்ல இங்கே தங்கி, தான் வளர்த்த பூனையைப் பத்தியே ஒரு புஸ்தகம் எழுதினாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஆஸ்பர்ன் குடும்பத்துக் கதை. ஆர்தர் ஆஸ்பர்ன் பாங்காக்ல வேலையில இருந்தார். போர்ல ஜப்பான்காரங்க அவரைச் சிறை வெச்சுட்டாங்க. மனைவி லூசியாவும் பிள்ளைங்களும் அதுக்கு முன்னாடியே 1941-ல திருவண்ணாமலைக்கு வந்துட்டாங்க. புருஷன் உயிரோட இருக்காரா இல்லையான்னு தெரியாம அந்தம்மா இங்கே பிள்ளைங்களை வளர்த்தாங்க. போர் முடிஞ்சு 1945-ல அவர் வந்து சேர்ந்தார். 1964-ல 'மவுண்டன் பாத்' பத்திரிகையை ஆரம்பிச்சவர் அவர்தான். நம்ம ஊர்ப் புழுதியில விளையாடின அவரோட பையன் ஆடம் ஆஸ்பர்ன் பின்னாடி அமெரிக்கா போய், 1981-ல 'ஆஸ்பர்ன் 1' கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தார். கையில தூக்கிட்டுப் போற கம்ப்யூட்டர்ல வியாபாரத்துல ஜெயிச்ச முதல் கம்ப்யூட்டர் அது. எடை பதினோரு கிலோ. எங்க ஊர்ல ஒரு சின்ன உர மூட்டை தூக்கற மாதிரி!

இவங்கெல்லாம் கட்டின வீடுகளைப் பத்தி ஒரு குடியானவனா நான் கவனிச்சது ஒண்ணு உண்டு. மண்ணு பக்கத்துலயே வெட்டினது, கீத்து பக்கத்துத் தோப்புது, தண்ணி குளத்துலயோ கிணத்துலயோ இறைச்சது. கையால இறைக்கிறவன் அளவாத்தான் செலவு பண்ணுவான். குடில் பழசாப் போனா திரும்ப மண்ணாவே போயிடும். எத்தனை குடில் வந்தாலும் ஓடையோட வழி மாறல.

1950 ஏப்ரல் 14-ல மகரிஷி சமாதியானதும் நிறைய பேர் ஊரை விட்டுப் போயிட்டாங்க. அப்புறம் ரொம்ப வருஷம் அந்தப் பக்கம் அமைதியாவே இருந்துச்சு. 1958-ல தென்பெண்ணையில சாத்தனூர் அணை வந்துச்சு. கிணத்துக்குக் கரண்டு மோட்டார் வந்துச்சு. சுவிட்சைப் போட்டா தண்ணி வருதுன்னதும் எங்க ஆளுங்களே ஏரியை மறந்தாங்க. என் சின்ன வயசுல எங்க ஊர்ல நீர்க்கட்டின்னு ஒருத்தர் இருந்தார். எந்த மதகை எப்போ திறக்கணும், யார் கழனிக்கு எவ்ளோ நேரம் தண்ணின்னு அவர்தான் முடிவு பண்ணுவார். அறுவடைக்கு அறுவடை ஒவ்வொரு வீட்டுலயும் அவருக்கு நெல்லு அளந்து கொடுப்போம். அவருக்கப்புறம் அந்த வேலைக்கு ஆளே வரல.

1989 செப்டம்பர்ல வட ஆற்காட்டைப் பிரிச்சுத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கினாங்க. ஆபீஸுங்க வந்துச்சு, ஆபீஸுக்கு ஆளுங்க வந்தாங்க. அதே காலத்துல பௌர்ணமி கிரிவலமும் பெருசாச்சு. 14 கிலோமீட்டர் பாதையில முன்னெல்லாம் சாமியாருங்களும் உள்ளூர்க்காரங்களும்தான் நடப்பாங்க. இப்போ ஒரு பௌர்ணமிக்கு லட்சக்கணக்குல ஜனம். 2024-ல ஊர் மாநகராட்சியே ஆயிடுச்சு. ஒரு நல்லதையும் சொல்லணும். 1980-கள் வரைக்கும் மலை மொட்டையாத்தான் கிடந்துச்சு, விறகுக்கு வெட்டியும் தீ வெச்சும் அழிச்சிருந்தாங்க. அப்புறம் வெளிநாட்டுக்காரங்களும் உள்ளூர்க்காரங்களும் சேர்ந்து கன்னு நட்டாங்க, தீத்தடுப்புக் கோடு போட்டாங்க. இன்னைக்கு மலை பச்சையா தெரியுதுன்னா அதுல அவங்க பங்கு பெருசு. வந்து தங்குறவங்க எல்லாரும் ஊரைக் கெடுக்கிறவங்கன்னு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஆனா இப்போ வர்ற காட்டேஜ் வேற மாதிரி. பழைய குடிலுக்கும் இதுக்கும் பேர் மட்டும்தான் ஒண்ணு. அடிஅண்ணாமலை, அத்தியந்தல், நல்லவன்பாளையம், இப்படி மலையைச் சுத்தி இருக்கிற கிராமங்கள்ல நெல்லும் மல்லாட்டையும் வெளைஞ்ச நிலமெல்லாம் பிளாட் ஆகுது. மல்லாட்டைன்னா நீங்க வேர்க்கடலைன்னு சொல்றது. "மலை தெரியற மாதிரி வீடு" வேணும்னு கேக்கறாங்க. மாடியிலேருந்து மலை தெரியும், ஆனா வீட்டுக்குக் கீழே ஓடை இருந்தது தெரியாது. வருஷத்துல பதினொரு மாசம் காஞ்சு கிடக்கிற வாய்க்கால் பட்டணத்துக் கண்ணுக்குச் சும்மா கிடக்கிற பள்ளம்தான். மண்ணடிச்சு மேடாக்கி, காம்பவுண்டு சுவர் எழுப்பி, ஆழ்துளைக் கிணறு போட்டுடறாங்க. வரத்துக் கால்வாய் ஒரு இடத்துல அடைபட்டாப் போதும், ஏரிக்குத் தண்ணி வராது. ஏரி நிறையலன்னா சுத்துப்பட்டு கிணறு ஊறாது. கிணறு ஊறலன்னா அதே காட்டேஜ்காரர் இன்னும் நூறு அடி கீழே துளை போடுவார். நாங்க எங்கே போறது?

எங்க ஊர் மலையிலேருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி. எனக்கு ரெண்டரை ஏக்கர், ஒரு சின்ன ஏரிக்குக் கீழே கடைசி மடை. எனக்கு மேல்மடையில இருந்த ரெண்டு பேர் நிலத்தைக் கொடுத்துட்டாங்க. அவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன், ஒருத்தருக்கு மக கல்யாணம், இன்னொருத்தருக்கு ஆஸ்பத்திரிச் செலவு. நிலத்தை வாங்கினவங்க வேலி போட்டப்போ எங்க பாசன வாய்க்காலும் உள்ளே போயிடுச்சு. ஒரு ஆபீஸ்ல மனு கொடுத்தேன், அளக்க ஆள் வரும்னு சொன்னாங்க. மூணு வருஷமா நெல்லை விட்டுட்டு கிணத்துத் தண்ணிக்குத் தகுந்த மாதிரி மல்லாட்டையும் உளுந்தும்தான் போடறேன். புரோக்கர் மாசம் ஒரு தடவை வண்டியை நிறுத்தி, "அண்ணே, முடிவு பண்ணீங்களா?"ன்னு கேட்டுட்டுப் போறார். இதுவரைக்கும் இல்லைன்னுதான் சொல்லிட்டு வர்றேன்.

தண்ணி வழியை அடைச்சா என்ன ஆகும்னு மழைக்காலம் வந்தா வேங்கிக்கால் பக்கம் பார்க்கலாம். ஏரி நிறைஞ்சு வர்ற மிச்சத் தண்ணி ரோட்டுக்கும் வீட்டுக்கும் வரும். தண்ணி யார் வீட்டுக்கும் வேணும்னு வர்றதில்ல, அது தன் பழைய வழியில போகுது. அந்த வழியிலதான் நாம வீடு கட்டியிருக்கோம்.

2024-ல ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30-ம் தேதி ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்துச்சு. மறுநாள் டிசம்பர் 1-ம் தேதி எங்க பக்கம் வானம் பிச்சுக்கிட்டுக் கொட்டுச்சு. அன்னைக்குச் சாயந்திரம் மலையடிவாரத்துல வ.உ.சி. நகர்ல மண்ணும் பாறையும் சரிஞ்சு ஒரு வீட்டு மேல விழுந்து ஏழு பேர் செத்துப் போனாங்க. அதுல அஞ்சு பேர் குழந்தைங்க. அன்னைக்கு ராத்திரியே சாத்தனூர் அணையிலேருந்து ஒண்ணரை லட்சம் கன அடிக்கு மேல திறந்து விட்டு, தென்பெண்ணைக் கரை ஊரெல்லாம் மூழ்கிச்சு. மலையடிவாரத்துல வீடு கட்டினவங்க எல்லாரும் மலை தெரியணும்னு ஆசைப்பட்ட பணக்காரங்க இல்ல. ஊருக்குள்ள நிலம் வாங்க முடியாத ஏழைங்கதான் சரிவுல ஏறிக்கிட்டே போனாங்க. கீழே நிலத்து விலை ஏற ஏற, மேலே குடிசை ஏறுது. ரெண்டும் ஒரே கதைதான்.

2017-ல அரசாங்கம் குடிமராமத்துன்னு பழைய பேரையே வெச்சு ஏரி தூர்வார்ற திட்டம் கொண்டு வந்துச்சு. பேர் திரும்பி வந்ததுல சந்தோஷம். ஆனா ஏரியோட வயித்தை மட்டும் ஆழமாக்கினா பத்தாது. தொண்டையை, அதாவது வரத்துக் கால்வாயை, முதல்ல திறக்கணும்.

இதைப் படிக்கிறவங்கள்ல சில பேருக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன இடம் வாங்கணும்னு ஆசை இருக்கும். வேணாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. வல்லாள ராஜாவையே ஏத்துக்கிட்ட ஊரு. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி பட்டா, சிட்டாவோட நிறுத்தாம, புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் வாங்கிப் பாருங்க. அதுல ஓடை, வாய்க்கால், ஏரிப் புறம்போக்கு எங்கே போகுதுன்னு கோடு இருக்கும். கார்த்திகை மாசம் மழை பெய்யற அன்னைக்கு ஒரு தடவை வந்து இடத்தைப் பாருங்க, வெயில் நாள்ல பார்க்காதீங்க. பக்கத்துக் கழனியில வேலை செய்யற வயசானவங்களை, "ஏம்மா, இங்கே தண்ணி எப்படிப் போகும்?"னு கேளுங்க. புரோக்கர் சொல்லாததை அவங்க கையை நீட்டிக் காட்டிடுவாங்க. வாய்க்கால் இருந்தா அந்த அளவு இடத்தை விட்டு வேலி போடுங்க. அந்தக் கோட்டுக்கு அந்தாண்ட கடைசி மடையில ஒருத்தன் தண்ணிக்குக் காத்துக்கிட்டு இருப்பான்.